மெயில் போய்ச் சேர்ந்ததா? வெப் டெவலப்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

கல்லூரிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் கடைகளுக்கும் வெப்சைட் செய்து தரும் நண்பர்களுக்கு,

வணக்கம். விண்ணப்பம் போட்ட மாணவரிடம் "உங்கள் மின்னஞ்சலுக்கு லிங்க் அனுப்பியுள்ளோம்" என்று உங்கள் திரை சொல்கிறது. இன்பாக்ஸில் ஒன்றும் இல்லை. ஸ்பேமில் தேட வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது. அன்றைக்குக் கடைசித் தேதியாக இருந்தால் அந்தப் பிள்ளைக்கு ஒரு வருடம் போய்விடும். உங்கள் சர்வரின் பதிவேடான லாக்கிலோ எல்லாம் வெற்றி என்றே இருக்கும்.

காரணம் எளிது. தளத்துக்காக மெயில் அனுப்பித் தரும் சேவை அமேசான் எஸ்இஎஸ், சென்ட்கிரிட், மெயில்கன் எதுவானாலும், உங்கள் புரோகிராம் அதனுடன் பேசும் வழியான ஏபிஐ "சரி" என்றால் "வாங்கிக்கொண்டேன்" என்றுதான் பொருள். பெறுபவரின் சர்வர் ஏற்றதா, திருப்பி அனுப்பியதா என்பது பிறகுதான் தெரியவரும். அந்தச் சேதியை வெப்ஹுக் (நடந்ததை உங்கள் தளத்துக்குத் தானாகச் சொல்லும் அழைப்பு) வழியாகத் தர இந்தச் சேவைகள் தயாராகவே இருக்கின்றன. நாம்தான் அதை இணைப்பதில்லை.

தயவுசெய்து இணையுங்கள். ஒரு முகவரி பவுன்ஸ் ஆனால், அதாவது அதற்குப் போன மெயில் திரும்பி வந்தால், குறித்துவையுங்கள். அதற்கு மறுபடி அனுப்பாதீர்கள். அவர் அடுத்த முறை உள்ளே வரும்போது "இந்த முகவரிக்கு மெயில் போகவில்லை, சரிபாருங்கள்" என்று காட்டுங்கள். ஜிமெயில் என்பதை எழுத்து மாற்றி அடித்தவர்கள் அப்போதே திருத்திவிடுவார்கள். இதில் உங்கள் நலனும் இருக்கிறது. பவுன்ஸ் 5 சதவீதத்தைத் தொட்டால் எஸ்இஎஸ் உங்கள் கணக்கைக் கண்காணிப்பில் வைக்கும். 10 சதவீதம் ஆனால் அனுப்புவதையே நிறுத்திவைக்கலாம். அப்புறம் சரியான முகவரி தந்தவருக்கும் மெயில் போகாது.

அடுத்தது டிஎன்எஸ், அதாவது உங்கள் டொமைனைப் பற்றிய விவரங்களை மற்ற சர்வர்கள் பார்க்கும் பதிவேடு. 1982இல், மெயில் அனுப்பும் நெறிமுறையான எஸ்எம்டிபி வந்தபோது, அனுப்புகிறவர் உண்மையில் யார் என்று சோதிக்கும் ஏற்பாடு அதில் இல்லை. டிஎன்எஸ் வழியாகச் செயல்படும் எஸ்பிஎஃப் (இந்த டொமைன் பெயரில் அனுப்பலாம் என்ற சர்வர்களின் பட்டியல்), டிகேஐஎம் (மெயிலில் இடும் டிஜிட்டல் கையெழுத்து), டிமார்க் (இந்தச் சோதனைகள் தோற்றால் என்ன செய்வது என்ற அறிவிப்பு) மூன்றும் பின்னால் வந்து அந்தக் குறையை அடைக்கின்றன. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும் இதில் கண்டிப்பாகிவிட்டன. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவருக்கு மூன்றுமே வேண்டும். சின்ன நிறுவனம்தானே என்று விட்டுவிடவும் முடியாது. ஜிமெயிலுக்கு அனுப்பும் யாருக்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டில் ஒன்றாவது இருந்தாக வேண்டும்.

இந்த வேலை பெரும்பாலும் யார் பொறுப்பிலும் வராமல் நடுவில் விழுந்துவிடுகிறது. டொமைன் கணக்கு வாடிக்கையாளரிடம், புரோகிராம் கோடு உங்களிடம். அதனால் டிஎன்எஸ் அமைப்பதையும் கொட்டேஷனிலேயே ஒரு வேலையாக எழுதி, அதற்குக் காசும் வாங்குங்கள். ஏற்கெனவே கூகுள் மெயில் வைத்திருக்கும் டொமைனில் எஸ்பிஎஃப் வரி ஒன்று இருக்கும். புதிய சேவைக்காக இன்னொரு வரியைத் தனியாகச் சேர்த்தால் சோதனையே தோற்று, இரண்டும் கெட்டுப்போகும். இருக்கும் வரிக்குள்தான் சேர்க்க வேண்டும்.

தொடர்புப் படிவத்தை நிரப்பியவரின் ஜிமெயில் முகவரியை அனுப்புநராகப் போடும் பழக்கத்தையும் விடுங்கள். அது ஆள்மாறாட்டமாகத்தான் தெரியும். அனுப்புநர் உங்கள் டொமைனாகவே இருக்கட்டும். அவருடைய முகவரி, பதில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் ரிப்ளை-டூவில் போகட்டும்.

பாஸ்வேர்டு மாற்றும் லிங்க் போகும் அதே முகவரியிலிருந்து தீபாவளித் தள்ளுபடியும் போவது இன்னொரு கேடு. தள்ளுபடி மெயிலால் எரிச்சலடைந்தவர்கள் ஸ்பேம் என்று அழுத்துவார்கள். அந்தப் புகார் 0.1 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 0.3ஐ எட்டவே கூடாது என்கிறது ஜிமெயில். விளம்பரத்துக்கு உங்கள் டொமைனின் கிளைப்பெயராகத் தனி சப்டொமைன் வையுங்கள். விலகும் வழியையும் ஒரே அழுத்தலில் தாருங்கள்.

ப்ளஸ் டூ முடிவு வந்ததும் விண்ணப்பங்கள் குவியும். அதற்கு முன்னால், நீங்கள் செய்து தந்த ஒவ்வொரு தளத்திலிருந்தும் ஒரு ஜிமெயில் கணக்குக்கு மெயில் அனுப்பி, அதில் மெயிலின் மூல விவரங்களைக் காட்டும் 'ஷோ ஒரிஜினல்' திறந்து பாருங்கள். எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றுக்கும் எதிரே 'பாஸ்' இல்லாவிட்டால், வாடிக்கையாளர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே அவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒரு டெவலப்பர்