சுங்கை சிப்புட் கடைத்தெருவில் ஆள் இறங்க வேண்டும்

கோலகங்சார் நகராண்மைக் கழகத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மலேசியாவின் பேரா மாநிலத்திலுள்ள நம் கோலகங்சாருக்கு வரும் சுற்றுப்பயணிகள் உபுடியா பள்ளிவாசலைப் பார்க்கிறார்கள், 1877-இல் நட்ட ரப்பர் மரத்தருகே படம் எடுக்கிறார்கள், அப்புறம் நெடுஞ்சாலை ஏறி நேரே ஈப்போவுக்குப் போய்விடுகிறார்கள். இடையிலுள்ள சுங்கை சிப்புட்டில் வண்டியை நிறுத்தச் சொல்ல ஆளில்லை.

சொல்வதற்கு விஷயம் இல்லாமலா? அந்த மரத்தை நம்பிப் பிழைத்தவர்களின் கதை இங்கே இருக்கிறது. 1948 ஜூன் 16-இல் இந்த வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான், கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க ஆங்கிலேய ஆட்சி அறிவித்த அவசரகாலம் வந்தது. தோட்டங்கள் துண்டு துண்டாக விலைபோன காலத்தில், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாக (ரிங்கிட்) பணம் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கிய முன்னாள் அமைச்சர் துன் சம்பந்தன் இந்த ஊர்க்காரர். அவர் எழுப்பிய மகாத்மா காந்தி கலாசாலை என்ற தமிழ்ப்பள்ளியை 1954-இல் திறந்துவைத்தவர் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட்.

தயவுசெய்து சுவரோவியம், அலங்கார வளைவு என்று பணத்தைச் செலவழிக்காதீர்கள். சுவரோவியம் பார்க்க ஈப்போவும் பினாங்கும் இருக்கின்றன. பூட்டிக் கிடக்கும் கடைவீடு ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தோட்ட வாழ்க்கைக்கென்று ஒதுக்குங்கள். ரப்பர் பாலைக் காவடிபோல் தோளில் சுமந்த காண்டா வாளியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைக்க வேண்டாம். தோளில் வைத்துப் பார்க்கட்டும், கனம் தெரியட்டும். விடியுமுன் நெற்றி விளக்கோடு பால் எடுக்க ரப்பர் மரம் சீவப் போன பாட்டிமார் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். பால் வடியும் கிண்ணமான மங்கில் ஒட்டிய பாலை ஒரே விரலால் வழித்து வாளியில் விடும் லாவகம் அவர்கள் கையோடு போய்விடக் கூடாது. அவர்களுக்குச் சம்பளம் கொடுத்து வரவழையுங்கள். இலவசச் சேவையாக மட்டும் கேட்காதீர்கள்.

ஒரு பஸ் நிறைய ஆள் வந்து, கழிப்பறைக்குப் போய்விட்டுக் கிளம்பினால் கடைக்காரருக்கு என்ன லாபம்? அரை நாளாவது தங்க வேண்டும். காலையில் தோசையும் தே தாரிக் என்ற ஆற்றிய பால் தேநீரும், கொஞ்சம் நடை, மதியம் வாழையிலைச் சாப்பாடு, திரும்பும்போது கையில் முறுக்கும் மசாலைத் தூளும். ரயில் நிலையத்தில் தமிழ், மலாய், சீனம், ஆங்கிலத்தில் ஒரு வரைபடம் வையுங்கள். கடைவீட்டின் பழைய முகப்பைக் கெடுக்காமல் பழுதுபார்ப்பவருக்கு மதிப்பீட்டு வரியில் சலுகை கொடுங்கள். கடைகளின் முன்னுள்ள ஐந்தடி நடைபாதையில் வயதானவர்கள் தடுக்கி விழாமல் நடக்க வழி செய்யுங்கள்.

இதற்கெல்லாம் முன்பு கடைக்காரர்களையும் கோயில், பள்ளிப் பொறுப்பாளர்களையும் கூப்பிட்டுப் பேசுங்கள். பகலில் கூட்டம் வைத்தால் கடையை விட்டு யாராலும் வர முடியாது. இரவு எட்டு மணிக்கு மேல் வையுங்கள், நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட் வட்டாரவாசி