கருப்பு வெள்ளை நாய்க்குட்டி விளம்பரத்துல, காது கேக்குமான்னும் போடச் சொல்லுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல வரி விளம்பரத்துல நாய்க்குட்டி விற்பனைக்குன்னு வர்றதை விடாம படிக்கறவன் நான். முக்காவாசி "கருப்பு வெள்ளை, பார்க்க ரொம்ப அழகு, உடனே தொடர்பு கொள்ளவும்" இப்படித்தான் இருக்கு, பிறந்த தேதி இருக்காது, தாய் தகப்பன் என்ன நிறம்னு இருக்காது, குட்டிக்கு ரெண்டு காதும் கேக்குதான்னு ஒருத்தர் கூட போடறதில்ல. இந்த மூணும் இல்லாம கருப்பு வெள்ளை குட்டி விளம்பரத்தை வாங்காதீங்கன்னு கேட்டுக்கத்தான் இந்த லெட்டர். எந்த நிற நாய்க்கும் இது நல்லதுதான், ஆனா வெள்ளை கலந்த நாய்க்கு ஏன் கட்டாயம்னு சொல்றேன்.

குட்டி வயித்துல உருவாகும்போது நிறத்தைக் குடுக்கற செல்லுங்க முதுகுத்தண்டு பக்கத்துல இருந்து கிளம்பி உடம்பு முழுக்க பரவும். எங்க வரைக்கும் போய் சேரலையோ அங்க வெள்ளையாவே நின்னுடும், அதனாலதான் நெஞ்சு, பாதம், வால் நுனி, மூக்குப் பக்கம் இங்கெல்லாம் வெள்ளை வருது. வெளியில பாக்கறதுக்கு அழகுதான். ஆனா அதே நிறமி செல் உள்காதுக்குள்ளயும் இருக்கணும், அது இல்லன்னா அங்க ரத்த ஓட்டம் கெட்டு, குட்டி பிறந்த மூணு நாலு வாரத்துல சத்தத்தை வாங்கற நுண்ணிய செல்லுங்க செத்துப் போயிடும், அப்பறம் எந்த மருந்தாலயும் அது திரும்பாது. வெள்ளை இருக்கற எல்லா நாய்க்கும் இப்படி ஆகாது, பெரும்பாலானதுக்கு நல்லாவே கேக்கும், ஆனா தலையிலயும் காதுலயும் வெள்ளை அதிகமா இருந்தா, கண்ணு நீலமா இருந்தா, கொஞ்சம் கூடுதலா கவனிக்கணும்.

வெள்ளை உடம்புல புள்ளி புள்ளியா இருக்கற டால்மேஷியனை எடுத்துக்கங்க. அமெரிக்காவுல லூசியானா ஸ்டேட் யுனிவர்சிட்டில ஜார்ஜ் ஸ்ட்ரெய்ன்னு ஒரு ஆராய்ச்சியாளர் வருஷக்கணக்கா நாய்க் காதுகளை ஆராய்ஞ்சவர், அவர் கணக்குப்படி டெஸ்ட் பண்ண டால்மேஷியன்ல சுமாரா 100க்கு 8 நாய்க்கு ரெண்டு காதுமே கேக்கல, இன்னொரு 22 நாய்க்கு ஒரு காது மட்டும் கேக்கல. அதாவது பத்துக்கு மூணு! பார்டர் கோலிங்கற ஜாதில இது ரொம்பக் குறைவு, 100க்கு 3 கூட வராது. எனக்கு மனசு ஆறாத விஷயம் ஒண்ணு இருக்கு, பிறக்கும்போதே பெரிய கருப்புத் திட்டோட பிறக்கற டால்மேஷியன் குட்டிக்கு காது பிரச்சனை வர்றது குறைவு, ஆனா நாய்க் கண்காட்சிப் போட்டியில அந்தத் திட்டு இருந்தாலே தகுதி இல்லன்னு தள்ளிடறாங்க. அழகுக்கு ஒரு அளவுகோல் வெச்சு நல்லா கேக்கற குட்டிகளையே ஒதுக்கி வந்திருக்காங்க. நீங்க வீட்டுல வளர்க்க வாங்கறவங்கன்னா திட்டு இருக்கற குட்டியை சந்தோஷமா வாங்குங்க. (இன்னொண்ணு, திட்டு இல்லாத டால்மேஷியன் பிறக்கும்போது சுத்த வெள்ளையாத்தான் இருக்கும், புள்ளி எல்லாம் ரெண்டு வாரம் கழிச்சுதான் தெரிய ஆரம்பிக்கும், அதனால புள்ளி இல்லையேன்னு பயப்பட வேண்டாம்.)

இதைவிட மோசமானது வெள்ளை உடம்புல கிழிச்ச மாதிரி கருப்புத் திட்டு இருக்கற கிரேட் டேன் விஷயம். அந்த நிறம், முடி நிறத்தை அங்கங்க வெளுக்க வைக்கற மெர்ல்னு ஒரு ஜீனும் அதோட இன்னொரு ஜீனும் சேர்ந்து வர்றது. தாய்க்கும் தகப்பனுக்கும் ரெண்டு பேருக்கும் மெர்ல் இருந்தா நாலு குட்டிக்கு ஒண்ணு ரெண்டு பேர்கிட்ட இருந்தும் அந்த ஜீனை வாங்கின ரெட்டை மெர்லா, கிட்டத்தட்ட முழு வெள்ளையா வரலாம், அதுங்களுக்கு காதும் கண்ணும் பாதிக்கப்படறதுக்கு வாய்ப்பு ரொம்ப அதிகம். தாய் தகப்பன் நிறத்தை விளம்பரத்துல போடச் சொல்றது இதுக்குத்தான். இப்படி ரெண்டை ஜோடி சேர்க்கறவங்ககிட்ட குட்டி வாங்கவே கூடாதுங்கறது என் கருத்து, பாவம்னு வாங்கினாக்கூட அடுத்த தடவையும் அதையேதான் பண்ணுவாங்க.

சரி, காது கேக்குதான்னு எப்படி தெரிஞ்சுக்கறது? பின்னாடி நின்னு கைதட்டிப் பாத்தேன், திரும்புச்சுன்னு சொல்லுவாங்க, அதை நம்பாதீங்க. கூட இருக்கற குட்டிங்க திரும்பினா இதுவும் திரும்பும், தரை அதிர்ந்தா திரும்பும், நம்ம நிழல் அசைஞ்சாலும் திரும்பும். குட்டியைத் தனியா விட்டு, தூங்கும்போது காத்தோ அதிர்வோ படாத தூரத்துல இருந்து சத்தம் குடுத்துப் பாத்தா ஓரளவு தெரியும், அப்பவும் ஒரு காது மட்டும் கேக்காத குட்டி அதுல தப்பிச்சுடும். சரியான வழி பேயர்னு சொல்ற டெஸ்ட்தான், தலையில மெல்லிசா எலக்ட்ரோடு வெச்சு ஒவ்வொரு காதுலயும் டிக் டிக்னு சத்தம் குடுத்து மூளை அதை வாங்குதான்னு கம்ப்யூட்டர்ல பாக்கறது. குட்டிக்கு 5 வாரம் ஆனதும் பண்ணலாம். ஒரு காது கேக்காத நாய் வீட்டு நாயா அருமையா வாழும், சத்தம் எந்தப் பக்கம் இருந்து வருதுன்னு மட்டும் குழம்பும், ஆனா அதை வெச்சு குட்டி எடுக்கக் கூடாது.

காதுக்கு அடுத்தபடி குணம். கருப்பு வெள்ளைன்னாலே பார்டர் கோலி வேணும்னு குதிக்கறாங்க, வீடியோல பாத்து. அது ஆடு மேய்க்கறதுக்குன்னே தலைமுறை தலைமுறையா தேர்ந்தெடுத்து வந்த ஜாதி. சேசர்னு ஒரு பார்டர் கோலி 1022 பொருளோட பேரைக் கத்துக்கிச்சுன்னு 2011ல ஆராய்ச்சியா வெளியாச்சு. அந்த மாதிரி மூளையை ஒரு ரூம்ல பூட்டிட்டு காலையில போய் ராத்திரி வந்தா அது என்ன பண்ணும்? சோஃபாவைக் கிழிக்கும், ஓடற பைக்கைத் துரத்தும், ஓடி விளையாடற குழந்தைங்க குதிகாலைக் கவ்வி மந்தை சேர்க்கும், உடனே கெட்ட நாய்னு பட்டம் கட்டி யார்கிட்டயாவது தள்ளி விட்டுடுவாங்க. தினமும் நல்லா ஓட விட்டு, அதோட மூளைக்கும் வேலை குடுக்க நேரம் இருக்கறவங்க மட்டும் வாங்குங்க. பாஸ்டன் டெரியர் சின்னது, வீட்டுக்குள்ள ஒத்துப்போகும், ஆனா சப்பை மூக்கு, வெயில்ல மூச்சு வாங்கும். கலப்பு நாயிலயும் எவ்வளவோ அழகான கருப்பு வெள்ளை இருக்கு, வளர்ந்த நாயா எடுத்தா குணம் ஏற்கனவே தெரிஞ்சிடும், அதையும் யோசிங்க.

எதுவானாலும் 8 வாரத்துக்கு முன்னாடி தாய்கிட்ட இருந்து பிரிக்கக் கூடாது, தாயை நேர்ல காட்ட மாட்டேன்னா அந்த இடத்துல வாங்க வேண்டாம். பிறந்த தேதி வேணும்னு நான் அடம் பிடிக்கறதும் இதனாலதான், பார்வோங்கற கொடிய வைரஸ் வயித்துப்போக்கு நோய்க்கான தடுப்பூசி 6லிருந்து 8 வாரத்துல ஆரம்பிச்சு, சில வாரத்துக்கு ஒண்ணுன்னு, கடைசி ஊசி 16 வாரமோ அதுக்கு மேலயோ ஆகும்போது விழணும், தேதியே தெரியாம டாக்டர் என்ன கணக்கு போடுவார்.

இனி வளர்க்கற விஷயம். வெள்ளை முடிக்குக் கீழ தோல் பெரும்பாலும் ரோஸ் கலர்ல இருக்கும், மூக்கு, காது நுனி, அடிவயிறு, தொடை உள்பக்கம் இங்கெல்லாம் வெயில் சுடும், வருஷக்கணக்கா இப்படியே சுட்டுட்டு இருந்தா தோல் கேன்சர் வரைக்கும் போகும். அடிவயித்தைக் காட்டி மல்லாந்து வெயில் காயற நாய்களுக்கு இது ரொம்பப் பொருந்தும், உச்சி வெயில்ல விடாதீங்க. மனுஷங்க சன்ஸ்கிரீனைத் தடவிடாதீங்க, பலதுல ஜிங்க் ஆக்ஸைடு இருக்கும், நாய் நக்கி முழுங்கினா விஷம். கருப்புப் பக்கம் வெயிலை இழுக்கும், நடந்துட்டு வந்ததும் முதுகுல கை வெச்சுப் பாருங்க, எவ்வளவு சூடு ஏறியிருக்குன்னு தெரியும்.

உண்ணி பார்க்கறதுலயும் இதே கதைதான். வெள்ளையில உண்ணி பளிச்னு தெரியும், கருப்புல கண்ணுக்குத் தெரியவே தெரியாது, அதனால விரலால தடவித்தான் பாக்கணும். காதுக்குள்ள, பெல்ட்டுக்கு அடியில, அக்குள்ல, விரல் இடுக்குல எல்லாம் தினமும் ஒரு தடவை. இன்னொரு அபூர்வமான பிரச்சனை இருக்கு, சில கருப்பு வெள்ளை குட்டிகளுக்கு கருப்பு முடி மட்டும் உடைஞ்சு கொட்டும், வெள்ளை முடி அப்படியே இருக்கும். பிறந்து சில வாரத்துலயே ஆரம்பிக்கும். சொறின்னு நினைச்சு கண்டதைத் தடவுவாங்க, அது பிறவிலயே வர்றது, தொத்தாது, குணமாகாது, ஆனா மத்தபடி நாய் நல்லாத்தான் இருக்கும். முடி கொட்டற இடம் சரியா கருப்போட எல்லையிலயே நிக்குதுன்னா டாக்டர்கிட்ட அதைச் சொல்லுங்க. கண்ணுக்குக் கீழ வெள்ளை முடியில செம்பழுப்பா கறை படியறது கண்ணீர்ல இருக்கற நிறமி, ஈரத்துணியால துடைச்சா போதும், ப்ளீச் எல்லாம் கண்ணு பக்கத்துல கொண்டு போகாதீங்க.

டால்மேஷியன் வெச்சிருக்கறவங்களுக்கு மட்டும் ஒண்ணு. இந்த ஜாதிக்கு யூரிக் ஆசிட் உடம்புல சரியா உடையாம சிறுநீர்ல போகும், அதுவே கல்லாகும், ஆண் நாய்க்கு குழாய் குறுகல்ங்கறதால அடைச்சுக்கும். ஈரல், கிட்னி மாதிரி உள்ளுறுப்பு மாமிசம் தவிர்த்து தண்ணி எப்பவும் நிறைய வைங்க, அடிக்கடி வெளிய விடுங்க. முக்கி முக்கி நின்னு ஒண்ணுக்கு வரலன்னா அது அன்னிக்கே டாக்டர் பாக்க வேண்டிய எமர்ஜென்சி.

கடைசியா, காது கேக்காத குட்டி வந்துடுச்சேன்னு தெருவுல விடறவங்களுக்கு. அதுக்கு கை சைகை போதும், உட்காரு, வா, இரு எல்லாமே சைகைலயே கத்துக்கும், கூப்பிட தரையைத் தட்டலாம், லைட்டைப் போட்டு அணைக்கலாம். தூங்கும்போது திடீர்னு தொடாதீங்க, மூக்கு பக்கத்துல கையை வெச்சு வாசனை காட்டி அப்பறம் தோளை மெதுவா தொட்டு ஒரு பிஸ்கட் குடுங்க, பதறி கடிக்காம எழுந்துக்கப் பழகிடும். ரோட்டுல மட்டும் எக்காரணம் கொண்டும் லீஷ் இல்லாம விடக் கூடாது, ஹாரன் அதுக்குக் கேக்காது. இந்தப் பயிற்சி முறையை ஒரு கால்நடை டாக்டரை வெச்சு உங்க செல்லப்பிராணி பக்கத்துல படத்தோட, ஒவ்வொரு சைகையா போட்டீங்கன்னா ரொம்ப பேருக்கு உதவும் ஐயா.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்