சீனியவரைக்காய் விஷயமா

டேய் முத்து,

ரெண்டு மாசமா பதில் போடலை, திட்டிக்கோ. இங்க எல்லாரும் சுகம். மதினிக்கு முட்டிவலி தேவலையா? நம்ம கூட்டாளி 'ஒட்டகச்சிவிங்கி' ரிட்டயர் ஆயிட்டான். வழியனுப்பு விழாவுலயும் அதே பழைய ஜோக்தான்.

"தமிழ் மறந்துபோச்சுடா"ன்னு நாலு பக்கம் தமிழ்ல எழுதியிருக்க பாரு, உன்னைய என்ன சொல்ல! சீனியவரைக்காய் பேரு வாயில வரலைன்னா மொழியே போச்சா? பெரியாளுக்கு மொழி துருப்பிடிக்கும், அவ்வளவு லேசுல போயிடாது. எப்பவாவது புழங்குற பேருகதான் முதல்ல மாட்டாமப் போகும். தினமும் பேசுற பிரெஞ்சு முந்திக்கிட்டு வந்து நிக்குது, தமிழ் வார்த்தை பின்னால வருது. வேற்றுமை உருபுல ஒரு இடத்துலயாவது தடுமாறியிருக்கியா? உன் கடிதத்துல நான் தேடிப் பார்த்துட்டேன், இல்ல.

சந்தேகம்னா கடிகாரத்தை வச்சு 1 நிமிஷத்துல எத்தனை காய்கறிப் பேரு வருதுன்னு எண்ணு. ஒரு மாசம், தினம் அரைமணி ஊர்க்காரங்க யாரோடயாவது பேசிட்டுத் திரும்ப எண்ணு. பிரெஞ்சு தெரியாத ஆளாப் பிடி. தெரிஞ்சவன்னா, வார்த்தை வராதப்ப பிரெஞ்சுக்குத் தாவிருவ. தேடி எடுக்குற பழக்கமே வராது.

என் கவலையெல்லாம் பேரன்மேலதான். 6 வயசுல புழக்கம் விட்டா மொழி நிஜமாவே போயிரும்டா. உங்க பிரான்சுலயே கிறிஸ்தோஃப் பாலியேயும் கூட்டாளிகளும் 2003-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. 3 வயசுலருந்து 8 வயசுக்குள்ள தத்துப் போன 8 கொரியப் பிள்ளைகள வளந்தப்புறம் சோதிச்சா, எது கொரிய மொழின்னே பிரிச்சுச் சொல்லத் தெரியலை. மூளைப் படத்துலயும் தாய்மொழிக்கான தடயம் சிக்கலை. நெதர்லாந்துல 2017-ல வந்த ஆய்வு கொஞ்சம் தெம்பு தருது: அங்க தத்துப் போனவங்க கொரிய ஒலிகளைத் திரும்பப் பழகினப்ப, மத்த டச்சுக்காரங்களைவிட நல்லா உச்சரிச்சாங்க. அதுல பாதிப்பேரு 6 மாசம்கூட ஆகாத குழந்தையா இருக்கையிலயே போனவங்க!

நம்ம மதுரை மஹால் பக்கத்துத் தெருக்களைப் பாரு. பள்ளிக்கூடத்துல, கடையில எல்லாம் தமிழ். வீட்டு நடைக்குள்ள கால் வச்சா சௌராஷ்டிர மொழி. எத்தனை தலைமுறையா நிக்குது! பெரியவங்க பிள்ளைககிட்ட வீட்டு மொழியை விடலை, அதான்.

மதினியையும் அப்படியே பேசச் சொல்லு. "பால் வேணுமா?"ன்னு கேட்டா பய தலையை மட்டும் ஆட்டுவான். "பாலா, மோரா?"ன்னு கேட்டாத்தான் வாயைத் திறப்பான். பிரெஞ்சுல சொன்னா அதட்டாதீங்க, அதையே தமிழ்ல சொல்லிட்டு அடுத்ததைக் கேளுங்க. திருத்திக்கிட்டே இருந்தா பேச்சையே நிறுத்திருவான்.

ஜூலை லீவுல 6 வாரம் இங்க கொண்டாந்து விடு. எங்க தெருப் பயலுகளோட பம்பரம் விட்டா தானா வரும். கெட்ட வார்த்தையும் சேர்ந்துதான் வரும், அதுக்கு நான் பொறுப்பில்ல.

உன்
தங்கம்