நாற்றுத்தூள் பையில் விவரம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காய்கறி நாற்றுகளை வளர்க்க, வெளிநாட்டுச் சதுப்பு நிலங்களில் தோண்டியெடுக்கப்படும் மக்கிய பாசியான பீட் மோஸுக்குப் பதிலாக நம் நாட்டு வேளாண் கழிவுகளையே பயன்படுத்தலாம் என்ற கருத்தை முழு மனத்துடன் வரவேற்கிறேன். சதுப்பு நிலத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் மட்டுமே சேரும் பொருளை, ஒரு மாதத்தில் பிடுங்கி நடப்போகும் நாற்றுக்காகத் தோண்டிக் கப்பலேற்றுவது எனக்கு உடன்பாடில்லை. பினாங்கின் செபராங் பிறையில் உமிக்கும் தேங்காய் மட்டைக்கும் பஞ்சமில்லை. செம்பனை எண்ணெய் ஆலையிலோ ஒரு டன் பழக்குலைக்கு, பழம் நீக்கிய வெற்றுக்குலை 200 கிலோவுக்கும் அதிகமாக மிஞ்சுகிறது. ஆயினும், இக்கழிவுகளை அப்படியே நாற்றுத்தட்டில் நிரப்பிவிட முடியாது.

சென்ற ஆண்டு 104 குழிகள் கொண்ட மூன்று தட்டுகளில், கடையில் வாங்கிய தேங்காய் நார்த்தூளை நிரப்பி மிளகாய் விதைத்தேன். முளைப்பில் குறையில்லை, ஆனால் இலை விடத் தொடங்கியதும் நுனி கருகி, பாதிக்கு மேல் மடிந்தன. விதையைத்தான் முதலில் பழித்தேன். பிறகு நண்பரிடம் இரவல் வாங்கிய கருவியால் தட்டிலிருந்து வடிந்த நீரை அளந்தபோது, கரைந்த உப்புகளின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 3 மில்லிசீமென்ஸைத் தாண்டியிருந்தது. இளநாற்றுக்கு 1-ஐ ஒட்டி இருப்பதே பாதுகாப்பு.

தென்னை மட்டையில் பொட்டாசியம் இயல்பாகவே மிகுதி. உவர்நீரில் ஊறிய மட்டையென்றால் சோடியமும் சேர்ந்துகொள்ளும். நல்ல நீரில் பலமுறை அலசினால் இவற்றில் பெரும்பகுதி வெளியேறும். தூளோடு ஒட்டிக்கொண்டிருப்பதை நீக்க, கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து மீண்டும் அலச வேண்டும். கால்சியம் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை வெளியே தள்ளிவிடும். வெற்றுக்குலையின் சிக்கல் வேறு. நன்றாக மக்காத நாரைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நாற்றுக்குரிய தழைச்சத்தை எடுத்துக்கொள்வதால் இலை வெளுத்துவிடும். உமிக்கரி காற்றோட்டத்துக்கு மிக நல்லது. காரத்தன்மை கொண்டதால் அளவோடு கலக்க வேண்டும். இப்போது நான் அலசிய நார்த்தூள் இரண்டு பங்கு, உமிக்கரி ஒரு பங்கு, நன்கு மக்கிய உரம் ஒரு பங்கு எனக் கலக்கிறேன். கத்தரியும் வெண்டையும் குறையின்றி வருகின்றன.

என் கோரிக்கை இதுதான்: நாற்றுத்தூளைப் பையிலிட்டு விற்போர், அது அலசப்பட்டதா, மக்கவைக்கப்பட்டதா, அதன் கார அமிலநிலையும் மின்கடத்துதிறனும் எவ்வளவு என்பதைப் பையின் மீதே அச்சிட வேண்டும். பூ படம் போட இடமிருக்கும் பையில் இரண்டு எண்களுக்கு இடமில்லாமல் போகாது. அதுவரை வாசகர்கள் புதிய பையைப் பிரித்ததும், அதில் ஒரு பிடியும் கழுவிய மணலில் ஒரு பிடியும் எடுத்து இரண்டிலும் தனித்தனியே முளைக்கீரை விதைத்து, பத்து நாள் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே மிளகாய் விதையில் கை வைப்பது நல்லது.

இங்ஙனம்,
இல்லத்தோட்ட வாசகர்,
புக்கிட் மெர்தாஜாம், பினாங்கு