தோ பாயோ நூலகத்தில் உதவிய அக்காவுக்கு

"தம்பி, அந்தக் கேள்விக்கு 'இல்லை'ன்னு போட்டுடாதீங்க." அப்பாவின் அமெரிக்க விசாப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது பக்கத்து மேசையிலிருந்து எழுந்து வந்து சொன்னீர்களே அக்கா, இந்தப் பதிவு உங்களுக்குத்தான்.

அப்பாவை முன்பு ஒருமுறை அமெரிக்க விமான நிலையத்திலிருந்தே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மகளின் கடையில் ஒத்தாசையாக இருப்பேன் என்று அவர் சொன்னது வேலை என்று பதிவாகிவிட்டது. சம்பளம் இல்லாவிட்டாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். அதன்பின் சிங்கப்பூர்க் கடப்பிதழ் இருந்தும், விசா இல்லாமல் போக இணையத்தில் வாங்கும் எஸ்டா அனுமதி உதவாது. டிஎஸ்-160 என்ற விண்ணப்பப் படிவத்தை இணையத்தில் நிரப்பி விசாதான் எடுக்க வேண்டும்.

"நுழைவு மறுக்கப்பட்டதுண்டா" என்ற கேள்வியில் இடறினோம். நாடு கடத்தவில்லையே என்பது எங்கள் கணக்கு. விசா விலக்கில், அதாவது விசா இல்லாமல் எஸ்டாவில், போனவரைத் திருப்பி அனுப்புவது நாடுகடத்தல் ஆகாதுதான், ஆனாலும் அது மறுப்பு என்று விளக்கினீர்கள். பழைய பதிவு அவர்களிடம் இருக்கும்; மறைத்தால் பொய்த்தகவல் என்று வாழ்நாள் தடைகூட வரலாம்.

திருப்பி அனுப்பியபோது கொடுத்த, மடிப்பில் கிழிந்திருந்த அந்தப் பழைய தாளை விரித்து வைத்து, தேதி, விமான நிலையம், காரணம் மூன்றையும் அதில் உள்ளபடியே எழுதச் சொன்னீர்கள். இருபது நிமிடம் சும்மா விட்டால் படிவம் மூடிக்கொள்ளும் என்று விண்ணப்ப எண்ணை முதலில் குறித்துக்கொடுத்ததும் நீங்கள்தான். கடையில் இப்போது வேறு ஆள் இருப்பதற்கான சான்று, திரும்பி வரும் தேதி, இங்குள்ள வீட்டுப் பத்திரம் எல்லாம் நேர்காணலுக்கு எடுத்துவைத்தாயிற்று.

பெயர் கேட்காமல் விட்டுவிட்டோம், அக்கா. இதைப் பார்த்தால் ஒரு வரி எழுதுங்கள். அப்பா உங்களிடம் பேச வேண்டும் என்கிறார்.