பாறையேறும் பொம்மை வண்டிக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்பிற்கும் மதிப்பிற்கும் உரியவர்களுக்கு,

வணக்கம். என்னுடைய ரிமோட் வண்டிக்கு உதிரி பாகங்கள் செய்துகொள்ளக் கடந்த ஓராண்டில் உதவிய ஒவ்வொருவருக்கும் நேரில் நன்றி சொல்லியிருக்கிறேன். ஆனாலும் வாசலில் நின்றபடி சொன்ன நன்றி போதாது என்று தோன்றியதால், எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன். யாருடைய பெயரையும் குறிப்பிடவில்லை. கோயம்புத்தூர் ஆவாரம்பாளையத்தில் கடைசல் பட்டறை நடத்தும் பெரியவரிடம் அனுமதி கேட்டபோது, "பேரெல்லாம் போட்டுறாதீங்க கண்ணு, அப்புறம் ஊருல இருக்கறவனெல்லாம் பொம்மை வண்டியத் தூக்கிட்டு இங்கதான் வருவான்" என்று சொல்லிவிட்டார். மற்றவர்களுக்கும் அதையே விதியாக வைத்துக்கொண்டேன்.

ராக் கிராலர் என்பது வேகத்துக்கான வண்டி அன்று. மனிதர் நடப்பதைவிட மெதுவாக, கல்லுக்குக் கல் தொற்றி ஏறுவதற்காகவே உள்ள வண்டி. என்னுடையது உண்மையான ஜீப்பின் பத்தில் ஒரு பங்கு அளவு, முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைவெளி 313 மி.மீ., சக்கரம் 1.9 அங்குலம். ஒவ்வோர் அச்சையும் நான்கு கம்பிகள் சேஸிஸோடு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தோடு, பிணைத்து வைத்திருக்கின்றன. இவற்றை லிங்க் என்பார்கள். வண்டியோடு வந்த பிளாஸ்டிக் லிங்குகள், ஒரு சக்கரம் கல்லிடுக்கில் சிக்கி மோட்டார் விடாமல் இழுக்கும்போது வில்லாக வளைந்து, அச்சு இடம் நகர்ந்து, மோட்டாரின் சுழற்சியை அச்சுக்குக் கொண்டுபோகும் ஷாஃப்ட் கழன்று விழும் நிலைக்கு வந்தன. வெளிநாட்டிலிருந்து வரவழைத்த உலோக லிங்குகள் ஏழு வாரம் கழித்து வந்து சேர்ந்தன. அவை வேறொரு வண்டிக்கானவை. தவறு அனுப்பியவருடையதா, பட்டியலில் தவறாகத் தேர்ந்த என்னுடையதா என்பதை நான் இன்னும் ஆராயவில்லை. ஆராயாமல் இருப்பதே எனக்கு நல்லது.

பட்டறைப் பெரியவரிடம் முதன்முதலாகப் போனபோது வளைந்த லிங்க் ஒன்றை நீட்டி, இதேபோல அலுமினியத்தில் வேண்டும் என்று மட்டும் சொன்னேன். நாளெல்லாம் பம்ப் ஷாஃப்ட் கடைகிறவர், அதைச் சிரிக்காமல் வாங்கிப் பார்த்துவிட்டு, "நீளம்னா எதுல இருந்து எதுவரைக்கும்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. லிங்கின் நீளம் என்பது கம்பியின் நீளம் அன்று, ஒரு முனையில் திருகப்படும் பந்து மூட்டிலுள்ள பந்தின் மையத்திலிருந்து மறுமுனைப் பந்தின் மையம் வரை உள்ள தூரம் என்பதையும், அந்த மூட்டுகள் கம்பிக்கு வெளியே பந்தின் மையம் வரை எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கின்றன என்பதைக் கழித்த பிறகுதான் கம்பியை வெட்ட வேண்டும் என்பதையும் ஓர் அட்டையின் பின்புறத்தில் படம் போட்டுக் காட்டினார். அந்த அட்டை இன்னும் என் மேசைமேல் இருக்கிறது.

6 மி.மீ. அலுமினியக் கம்பியின் இரு முனைகளிலும் 2.5 மி.மீ. துளையிட்டு எம்3 மரை (3 மி.மீ. திருகுக்கானது) போட வேண்டும். வீட்டில் முயன்று மரை வெட்டும் கருவியான டேப் இரண்டை உடைத்துவிட்டுத்தான் அவரிடம் போயிருந்தேன். துளை நேராக இல்லாவிட்டால் டேப் உடையத்தான் செய்யும் என்று சொல்லி, துளையை லேத்திலேயே போட்டுக் கொடுத்தார். மரையை மட்டும் என் கையால் போடச் சொன்னார். ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னால் திருப்பினால் கால் சுற்றுப் பின்னால் திருப்பி, உள்ளே சேரும் சுருளை முறித்துக்கொண்டே போக வேண்டும். மறுபக்கம் திறக்காத துளையில் சுருள் அடியில் அடைத்துக்கொள்ளும் என்பதால் அடிக்கடி வெளியே எடுத்து ஊத வேண்டும். எட்டு லிங்குக்குப் பதினாறு மரை, ஒன்றுகூட உடையவில்லை. வலது, இடது லிங்குகளை ஒன்றாகக் கட்டிவைத்தே முனையைச் சீவச் செய்ததும் அவர்தான். "கால் மில்லி கூடக் கொறைய இருந்தாப் பரவால்லைங்க, ரெண்டும் ஒண்ணா இருக்கோணும்" என்றார். ஒன்றாக இல்லாவிட்டால் அச்சு கோணலாக நின்று, வண்டி தானாகவே ஒரு பக்கம் இழுக்கும்.

உக்கடத்தில் பழைய உலோகக் கடை வைத்திருப்பவருக்கு என் நன்றி. 40 மி.மீ. தடிமன் பித்தளை உருளைக்காக அவர் ஒரு மணி நேரம் குவியலைக் கிளறினார். அதிலிருந்து 10 மி.மீ. அகலத்தில், நடுவில் 20 மி.மீ. துளையுடன் இரண்டு வளையங்கள் கடைந்து முன்சக்கரங்களுக்குள் பொருத்தினோம். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 80 கிராம். செங்குத்தான ஏற்றத்தில் முன்பக்கம் தூக்கிப் பின்னால் கவிழ்வதுதான் இவ்வகை வண்டிகளின் தீராத நோய். மேலே கூண்டில் வைக்கும் எடை கவிழ்ப்பை மோசமாக்கும். சக்கரத்துக்குள் வைக்கும் எடை தரையோடு ஒட்டிப் பிடிக்கும். இந்த வேறுபாட்டை நான் படித்துத் தெரிந்துகொண்டிருந்தேன், ஆனால் பாறைமேல் பார்த்தபோதுதான் நம்பினேன்.

முப்பரிமாண அச்சு இயந்திரம் வைத்திருக்கும் கல்லூரி மாணவத் தம்பிக்குக் கொஞ்சம் மன்னிப்பும் சேர்த்து நன்றி. முன்சக்கரங்களைத் திருப்பும் சர்வோ மோட்டாரைப் பிடித்து நிறுத்தும் தாங்கியை அவர் பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் அச்சிட்டுக் கொடுத்தார்; நான் அதை மே மாத வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டுச் சென்றேன். பிஎல்ஏ 60 டிகிரி அளவிலேயே இளகத் தொடங்கும். மாலையில் அது அப்பளம்போல் நெளிந்திருந்தது. பிறகு இன்னும் கொஞ்சம் வெப்பம் தாங்கும் பிஇடிஜி பிளாஸ்டிக்கில் செய்தார். அது உருகவில்லை, ஆனால் 25 கிலோ-செ.மீ. முறுக்குவிசை கொண்ட சர்வோ திரும்பும்போது சக்கரத்துக்குப் பதிலாகத் தாங்கியே வளைந்தது. மூன்றாவது முறை கேட்டபோது, "அண்ணா, இதை பிரிண்ட் பண்ணாதீங்க, அலுமினிய எல் ஆங்கிள்ல செஞ்சுடுங்க" என்றார். தன் இயந்திரத்துக்கு எதிராகத் தானே தீர்ப்புச் சொன்ன அந்த நேர்மையை நான் மறக்க மாட்டேன். ஜன்னல் செய்யும் கடைக்காரர் 3 மி.மீ. எல் ஆங்கிள் துண்டைக் காசு வாங்காமல் கொடுத்தார். தம்பியின் பழைய பிரிண்டை அதன்மேல் ஒட்டி, துளைகளுக்கு மாதிரியாக வைத்துத் துளையிட்டோம். ஆக, அதுவும் வீண்போகவில்லை.

காய் நறுக்கும் பலகையைத் தந்த அம்மாவுக்கு நன்றி. தந்தார் என்பதைவிட, எடுத்துக்கொண்டதைப் பொறுத்துக்கொண்டார் என்பதே சரி. வண்டியின் அடித்தகடு அலுமினியமாக இருந்தால் கரடுமுரடான பாறையில் பற்றிக்கொண்டு நிற்கும். அந்த வெள்ளைப் பலகையின் பாலித்தீன் வழுக்கிக்கொண்டு போகும். ரம்பத்தால் அறுத்து, அரத்தால் பிசிறு நீக்கி, திருகுத் தலைகள் வெளியே துருத்தாதபடி குழிபறித்துப் பொருத்தினேன். புதுப் பலகை வாங்கிக் கொடுத்தும், பழையதுதான் நன்றாக இருந்தது என்ற புகார் வீட்டில் நீடிக்கிறது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை, ஆறு மாதமாக ஏறாத அந்தப் பாறையில் வண்டி மூன்றாவது முயற்சியில் ஏறியது. பட்டறைப் பெரியவர் பேரனை அழைத்துக்கொண்டு பார்க்க வந்திருந்தார். பேரன் கைதட்டினான், அவரோ வண்டியைக் கவிழ்த்துப் பார்த்து, பின்பக்க இடது லிங்கின் மரை தளர்ந்திருப்பதைச் சுட்டிக்காட்டினார். ஐயா, திங்கட்கிழமை காலை அதை எடுத்துக்கொண்டு வருகிறேன்.

நன்றியுடன்,
கோயம்புத்தூரிலிருந்து உங்கள் பொம்மை வண்டிக்காரன்