பரோலோவில் ஒரு பிடிவாதக்காரக் குடும்பம்

டூரின், இத்தாலி,
அக்டோபர் 19

அன்புள்ள மங்கை,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததே, அதுவே பெரிய நிம்மதி. அப்பாவின் செக்கை நீயே எடுத்து நடத்தப்போகிறாய் என்ற இடத்தை இவருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். "பொம்பளை உக்காந்து எண்ணெய் அளந்தா யாவாரம் ஆகுமா" என்று உன் அண்ணன் கேட்டதற்கு நீ சொன்ன பதிலையும்தான். இவர் சிரித்து முடிக்க நேரமாயிற்று.

"ஒயின் ஊரில் குடியிருந்துகொண்டு அதைப் பற்றி ஒரு வரி எழுத மாட்டேன் என்கிறாயே" என்று திட்டியிருக்கிறாய். சரி, ஒரே ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதுகிறேன். உன் மில் விவகாரத்தைப் படித்ததிலிருந்து அவர்கள் நினைப்பாகவே இருக்கிறது.

இங்கிருந்து தெற்கே காரில் போனால் லாங்கே என்ற குன்றுகள் வரும். அதற்குள் பரோலோ, எழுநூறு பேர் இருந்தால் அதிகம் என்கிற கிராமம். அந்த ஊர்ப் பெயரில்தான் ஒயினும். அதை நெபியோலோ என்ற ஒரே வகைத் திராட்சையில்தான் செய்ய வேண்டும் என்பது சட்டம். நெபியோலோ சீக்கிரம் துளிர்க்கும். பழுப்பதோ எல்லாவற்றுக்கும் கடைசியில், அக்டோபர் பனிமூட்டத்தில். இரண்டு பக்கமும் ஆபத்து: வசந்தத்தில் உறைபனி, அறுவடையில் மழை. ஒயினின் நிறம் வெளிறியிருப்பதைப் பார்த்து லேசானது என்று நினைத்துவிடாதே. இளம் பரோலோவை ஒரு வாய் குடித்தால் கொட்டைப்பாக்கைக் கடித்ததுபோல ஈறு முழுக்கத் துவர்க்கும். அந்தத் துவர்ப்பு அடங்கத்தான் காத்திருக்கிறார்கள். அறுவடைக்குப் பிறகு 38 மாதம் கழியாமல் விற்கக் கூடாது, அதில் 18 மாதம் மரப்பீப்பாயில் இருந்தாக வேண்டும். யோசித்துப் பார், மூன்று வருஷத்துக்கு மேல் முதல் முடங்கிக் கிடக்கிற வியாபாரம்!

குடும்பத்தின் பெயர் மஸ்கரெல்லோ. முதல் உலகப்போர் முடிந்த கையோடு ஜூலியோ மஸ்கரெல்லோ ஆரம்பித்தார். அவர் மகன் பார்த்தோலோ, 1926இல் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரில் பாசிஸ்டுகளுக்கு எதிராகக் கொரில்லாப் படையில் இருந்தவர், கடைசிவரை இடதுசாரி. இன்றைக்கும் பாட்டிலில் அவர் பெயர்தான். மொத்த நிலமே சுமார் 5 ஹெக்டேர், நம் கணக்கில் பன்னிரண்டு ஏக்கர். கன்னூபி, சான் லொரென்ஸோ, ருவே மூன்றும் பரோலோவில். ரோக்கே என்ற நான்காவது துண்டு பக்கத்து ஊரான லா மோராவில்.

இந்த நான்கு துண்டில்தான் சண்டையே. கன்னூபி என்பது அந்த வட்டாரத்தின் முதல் மரியாதைக்குரிய சரிவு. 1752 என்ற வருஷத்தோடு அந்தப் பெயர் எழுதிய பாட்டில் ஒன்றை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். பரோலோ என்ற பேருக்கும் முந்திய புகழ் அதற்கு என்பார்கள். எழுபது எண்பதுகளில் ஒவ்வொருவராகத் தங்கள் நல்ல சரிவின் பெயரைத் தனியே லேபிளில் போட்டுக் கூடுதல் விலைக்கு விற்க ஆரம்பித்தார்கள். பார்த்தோலோ மட்டும் மறுத்துவிட்டார். நாலையும் கலந்து ஒரே பரோலோ, அப்பா செய்தபடியே. ஒரு சரிவில் ஒரு வருஷம் வெயில் குறைந்தால் இன்னொன்று ஈடுகட்டும். இது ஏதோ பழம்பெருமை என்று நினைத்திருந்தேன். விவசாயியின் பார்வையில் பார்த்தால் அது ஒரு காப்பீடுதான். பணக்காரச் சரிவை வைத்துக்கொண்டு அதன் பெயரை லேபிளில் போடாமல் இருப்பதற்கு எவ்வளவு திமிர் வேண்டும், அதை மட்டும் யோசி.

அடுத்த சண்டை பீப்பாயில். அந்த ஊர் வழக்கம் ஆயிரக்கணக்கான லிட்டர் பிடிக்கும், குரோஷியாவின் ஸ்லாவோனியா பக்கத்து ஓக் மரப் பீப்பாய். மரத்தின் வாசனை ஒயினில் ஏறாது. எண்பதுகளில் இளைஞர்கள் பிரான்சிலிருந்து 225 லிட்டர் புதுப் பீப்பாய்களை இறக்கினார்கள். பாரிக் என்பது அதன் பெயர். வெனிலா மணம் ஏறி, துவர்ப்பு மழுங்கி, சீக்கிரம் குடிக்கத் தயாராகும். அமெரிக்காவில் நல்ல விலை. பார்த்தோலோவுக்கு இது துரோகம். வயதான காலத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி லேபிள்களைக் கையாலேயே வரைவார். அவற்றில் ஒன்றில் எழுதியது: "பாரிக் வேண்டாம், பெர்லுஸ்கோனியும் வேண்டாம்." பெர்லுஸ்கோனி அன்றைக்கு இங்கே வலதுசாரிகளின் தலைவர். 2001 தேர்தல் சமயம் ஆல்பா டவுனில் ஒரு கடைக்காரர் அந்த பாட்டிலைக் கண்ணாடிக்குப் பின்னால் வைக்கப்போய், போலீஸ் வந்து எடுத்துக்கொண்டு போனதை இங்கே இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

ஒயின் பேசுகிறவர்கள் இந்தக் கதையை இங்கேயே நிறுத்தி, கிழவரை மகான் ஆக்கிவிடுவார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. எதிர்த்தரப்பில் லா மோராவின் எலியோ அல்தாரே இருக்கிறார். 1983இல் அப்பாவின் பெரிய பீப்பாய்களைச் சங்கிலி ரம்பத்தால் அறுத்துப் போட்டவர். அப்பா அவருக்குச் சொத்தில்லை என்று எழுதிவிட்டுத்தான் செத்தார். கேட்டால் அயோக்கியத்தனம்போல இருக்கும். ஆனால் அன்றைக்கு லாங்கே ஏழைப் பூமி. ஒயின் விலைபோகாமல், பிள்ளைகள் குன்றை விட்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஆல்பாவில் 1946இல் ஃபெரேரோ சாக்லேட் கம்பெனி ஆரம்பித்து, அவர்கள் கிராமம் கிராமமாகப் பஸ் விட்டு ஆட்களை ஏற்றி இறக்கியதால்தான் பல குடும்பங்கள் பகலில் ஃபாக்டரியும் மிச்ச நேரத்தில் தோட்டமுமாக நிலத்தை விற்காமல் தப்பின. நீ உன் பையனுக்கு வாங்கிக்கொடுக்கும், அந்தக் கம்பெனி செய்கிற நுட்டெல்லாவுக்கும் பரோலோவுக்கும் அப்படி ஒரு உறவு! அந்த வறுமையிலிருந்து அல்தாரே பிரான்சின் ஒயின் பிரதேசமான பர்கண்டிக்குப் போய், அங்கே விவசாயிகள் காரும் வீடுமாக இருப்பதைப் பார்த்துவிட்டு வந்தார். ரம்பம் எடுத்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

இப்போது பலர் பாரிக்கைக் குறைத்துப் பெரிய பீப்பாய்க்கே திரும்பிவிட்டார்கள். மஸ்கரெல்லோ வீடு அசையாமல் நின்றது. காலம் சுற்றிவந்து அவர்களிடம் சேர்ந்துகொண்டது. 2005இல் பார்த்தோலோ போய்ச் சேர்ந்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே மகள் மரியா தெரேசா கூட வந்துவிட்டார். இன்றுவரை அவர்தான் நடத்துகிறார். அதே சிமென்ட் தொட்டி, அதே பெரிய பீப்பாய், அதே நாலு துண்டு. உலகமே கேட்கும்போதும் தோட்டத்தைப் பெருக்கவில்லை.

இதை உன்னிடம் சொல்லும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. மரியா தெரேசா ஒரே மகள். பங்கு கேட்க அண்ணன் இல்லை. பரோலோவில் நல்ல சரிவு இன்று ஹெக்டேருக்கு 20 லட்சம் யூரோவைத் தாண்டுகிறது. மூன்று பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒருத்தர் மட்டும் தொழிலைத் தொடர வேண்டுமென்றால் மற்றவர்களுக்கு அந்த விலையில் பங்கு கொடுக்க எங்கே போவது? 2016இல் காஸ்டில்யோனே ஃபல்லெட்டோவின் வியெட்டி, பெயர்பெற்ற குடும்ப ஒயின்வீடு, அமெரிக்காவில் அப்போது பெட்ரோல் பங்க் கடைகள் நடத்திவந்த கிராவுஸ் குடும்பத்துக்குக் கைமாறியது. ஊரே அதிர்ந்தது. அதனால் அண்ணனிடம் பேச்சோடு நிற்காதே. இப்போதே மதிப்புப் போட்டு, அவர் பங்கை எத்தனை வருஷத்தில் கொடுப்பாய் என்று பத்திரத்தில் எழுதி வாங்கிவிடு. பாசம் இருக்கும்போதே எழுது.

எனக்கு உறுத்துவது வேறொன்று. அந்த இடதுசாரி மனிதரின் ஒயின் இன்று கடையில் பாட்டில் 200 யூரோவுக்கு மேல். வாங்கிப் பெட்டகத்தில் பூட்டி வைத்து மறுவிற்பனை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். இவருடைய ஆபீஸ் நண்பர் வீட்டில் ஒருமுறை அரை டம்ளர் கிடைத்தது. காய்ந்த ரோஜா, தார், உலர்ந்த தேயிலை என்று ஏதேதோ வாசனை. துவர்ப்பு இருந்தது, ஆனால் இறைச்சியோடு சேர்ந்ததும் காணாமல் போயிற்று. நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் அதை உழைத்துச் செய்கிற ஊர்க்காரர்களில் எத்தனை பேர் வாங்கிக் குடிக்க முடியும் என்ற கேள்வி கூடவே வந்தது. நல்லவேளை, அதே வீட்டில் டொல்செட்டோவும் பர்பேராவும் செய்கிறார்கள். அவைதான் அந்தக் குன்றுகளில் சாதாரண நாளின் சாப்பாட்டு மேஜை ஒயின். காத்திருக்கவும் தேவையில்லை.

டிசம்பர் கடைசியில் வருகிறோம், பொங்கல் முடிந்துதான் திரும்புவோம். நம் கஸ்டம்ஸில் ஆளுக்கு இரண்டு லிட்டர் அனுமதி. ஏதாவது ஒரு டொல்செட்டோ கொண்டுவருகிறேன். உங்கள் வீட்டில் அதை எங்கே ஒளித்துவைப்பது, யாருக்கும் தெரியாமல் எப்போது குடிப்பது என்பதை நீ யோசித்து எழுது. அண்ணன் என்ன சொன்னார் என்பதையும்.

அன்புடன்,
வசந்தா